பென்சிலுக்கு முன்னால் களிமண்: எல்.கே.ஜி. பிள்ளையின் கைக்கு என்ன வேலை கொடுக்கிறோம்?

இரவு ஒன்பது மணி. பெரம்பலூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. நான்கு வயது இப்போதுதான் முடிந்த பையன், நாலுகோடு நோட்டில் ஸ்மால் லெட்டர் 'ஏ' எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம் முழுக்க எழுத வேண்டும். பென்சிலை ஐந்து விரலாலும் கரண்டிபோல இறுக்கிப் பிடித்திருக்கிறான். அவன் அம்மா பின்னால் உட்கார்ந்து அவன் கைமேல் தன் கையை வைத்து ஓட்டுகிறார்.

"கை வலிக்குதும்மா."

"இன்னும் ரெண்டே லைன்தான்டா தங்கம். எழுதலைன்னா நாளைக்கு மிஸ் திட்டுவாங்க."

அதே வீட்டில் டி.வி. ஸ்டாண்டின் மேல் தெர்மாகோலில் செய்த ஒரு வீடு நிற்கிறது. அது பள்ளியில் கேட்ட 'கிராஃப்ட் ஒர்க்'. வெட்டியது சித்தி, ஒட்டியது அம்மா, கலர் அடித்தது எட்டாவது படிக்கும் அக்கா. பையன் செய்தது, அதைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான். அதற்கு மூன்று ஸ்டார் கிடைத்திருக்கிறது.

இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கையால் இன்னும் செய்ய முடியாத எழுத்து வேலையைப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறோம். அந்தக் கை செய்தே ஆக வேண்டிய கைவேலையை நாம் பிடுங்கிச் செய்துவிடுகிறோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே இதுதான் நிலைமை. ஆனால் இதைச் சரிசெய்யத் தேவையான பொருட்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் காசில்லாமல் கிடக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கைக்குள் என்ன நடக்கிறது?

மனிதக் கை ஒன்றில் 27 எலும்புகள். அதில் எட்டு, மணிக்கட்டில் இருக்கும் சின்னச் சின்ன எலும்புகள். குழந்தை பிறக்கும்போது இந்த எட்டும் எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தெலும்பாகத்தான் இருக்கும். பிறந்த சில மாதங்களில் ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்கி, கடைசி எலும்பு உருவாவதற்குள் பிள்ளை ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளுக்கே வந்துவிடும். கை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கிறார்களே, அது இந்த வரிசையை வைத்துத்தான்.

எலும்பு மட்டும் விஷயமல்ல. உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகளுக்கு வலு வர வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யும்போது மற்ற விரல்கள் சும்மா மடங்கி இருக்கப் பழக வேண்டும். ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை வேலை செய்ய வேண்டும். எவ்வளவு அழுத்தினால் போதும் என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். இதையெல்லாம் சேர்த்துத்தான் நுண்தசைத் திறன் என்கிறார்கள். ஓடுவது, குதிப்பது, பந்து எறிவது எல்லாம் பெருந்தசைத் திறன். பட்டன் போடுவது, பூ தொடுப்பது, எழுதுவது எல்லாம் நுண்தசைத் திறன்.

இது எந்த வயதில் எந்த அளவுக்கு வரும்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) பெற்றோருக்காக வெளியிட்டிருக்கும் பட்டியல் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் அந்தந்த வயதுக்குள் செய்துவிடும் காரியங்கள் அதில் உள்ளன. ஒன்றரை வயதில் கிறுக்கும். மூன்று வயதில் பெரிய மணிகளைக் கயிற்றில் கோக்கும், வட்டம் போட்டுக் காட்டினால் தானும் போடும். நான்கு வயதில் கிரேயானையோ பென்சிலையோ முஷ்டியால் பிடிக்காமல் விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடிக்கும், சில பட்டன்களைக் கழற்றும். ஐந்து வயதில் சில பட்டன்களைத் தானே போடும், தன் பெயரில் உள்ள சில எழுத்துகளை எழுதும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். ஐந்து வயதில், தன் பெயரில் உள்ள 'சில' எழுத்துகள். நாமோ மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்து, நான்கு வயதில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். எழுத முடியாத பிள்ளைக்கு 'சோம்பேறி', 'டல்' என்று பட்டம் கட்டுகிறோம். பிள்ளையிடம் குறை இல்லை. நாம் கேட்பது இரண்டு வருஷம் முந்திக் கேட்கும் வேலை.

விரலுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

மூளையில் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஒரு வரைபடமாகப் போட்டால், முதுகு, தொடை, கால் எல்லாம் கொஞ்ச இடத்தில் அடங்கிவிடும். கையும் விரல்களும் முகமும் வாயும்தான் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில் இதை வரைந்து காட்டினார்.

2012இல் அமெரிக்காவில் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் இன்னும் படிக்கக் கற்காத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குழந்தைகள் சில எழுத்துகளைத் தாங்களாகவே கையால் எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் ஓட்டினார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, தாங்களாக எழுதிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் படிப்பதற்கான மூளைப் பகுதிகள் நன்றாக விழித்தெழுந்தன. கோட்டின் மேல் ஓட்டியதற்கு அந்தப் பலன் இல்லை. நம் நர்சரி நோட்டுகளில் பாதிக்கு மேல் கோட்டின் மேல் ஓட்டுவதுதான் என்பது நினைவிருக்கட்டும்.

2010இல் டேவிட் கிரிஸ்மர் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, பள்ளிக்குள் நுழையும்போது விரல் திறன் நன்றாக இருந்த குழந்தைகள் பின்னாளில் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னிலையில் இருந்ததைக் காட்டியது. இதைப் பார்த்துவிட்டு, "களிமண் பிசைஞ்சா கணக்கு வந்துரும்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் ஆய்வு சொல்வது, ஒன்றால் மற்றது வந்தது என்று அல்ல. ஆனால், கைக்கு வேலை கொடுக்கும் நேரம் படிப்பிலிருந்து திருடிய நேரம் என்ற நினைப்பு தவறு என்பதற்கு இதுவே போதும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, இங்கேயே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் உருவாக்கிய மர உருளைகளின் தலையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதை மூன்று விரலால்தான் தூக்க முடியும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல். பென்சிலைக் கொடுக்காமலே பென்சில் பிடிக்கப் பழக்கும் வித்தை அது.

அவருக்கும் வெகுகாலம் முன்பே நம் திண்ணைப் பள்ளிகளில் என்ன செய்தார்கள்? எடுத்த எடுப்பில் ஓலையையும் எழுத்தாணியையும் கொடுக்கவில்லை. மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். கை பழகிய பிறகுதான் ஓலை வந்தது.

பஞ்சு, களிமண், தட்டை, ஓலை

கிராஃப்ட் என்றதும் ஸ்டேஷனரி கடைக்கு ஓடுகிறோம். கிளிட்டர் பேப்பர், வெட்டி வைத்த வடிவங்கள், ரெடிமேட் கிட். வெட்டி வைத்ததை ஒட்டுவதில் விரலுக்கு என்ன வேலை? நம் ஊரில் கிடப்பதைப் பார்ப்போம்.

பெரம்பலூர் மாவட்டத்தின் முக்கியப் பயிர்கள் பருத்தியும் மக்காச்சோளமும். விளக்குத் திரிக்காகக் கொல்லையில் ஒரு பருத்திச் செடி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். கொட்டை சுலபத்தில் வராது. ஒரு கை பஞ்சைப் பிடிக்க, மறு கையின் இரண்டு விரல் கொட்டையைக் கிள்ளி இழுக்க வேண்டும். பிறகு பஞ்சை நீட்டித் திரி திரிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் அதிகம் இழுத்தால் அறுந்துவிடும், குறைவாக இழுத்தால் தடித்துவிடும். எவ்வளவு விசை போதும் என்பதை விரலுக்கு இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து திரி போட்டால், பிள்ளை தானாக வந்து உட்காரும். அந்தத் திரியையே சாயங்காலம் விளக்கில் போட்டு ஏற்றிக் காட்டுங்கள். அப்புறம் பாருங்கள் அதன் முகத்தை.

ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன் ஆதாரப் பள்ளியில் படித்தவர்கள் தக்ளியில் நூல் நூற்ற கதையைச் சொல்வார்கள். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம் அது. தக்ளி பெரிய பிள்ளைகளுக்கானது. திரி திரிப்பது நான்கு வயதுக்கு அதன் பாலபாடம்.

அடுத்து களிமண். ஏரியில் தண்ணீர் வற்றும் காலத்தில் ஒரு கூடை எடுத்து, கல் நீக்கி, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை உள்ளங்கையில் உருண்டை உருட்டட்டும். உருண்டை உருட்ட உள்ளங்கை குழிய வேண்டும். அந்தக் குழிவுதான் பின்னால் பென்சிலைத் தாங்கும். நான்கு வயதில் தரையில் வைத்துப் பாம்பு உருட்டலாம். உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிச் சட்டி செய்யலாம். ஐந்து வயதில் அம்மி, உரல், அடுப்பு, சொப்புச் சாமான் எல்லாம் வரும்.

அரியலூர்ப் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் ஒரு கூடுதல் விளையாட்டு இருக்கிறது. உருட்டிய பாம்பைத் தட்டையாகச் சுருட்டினால் அம்மோனைட் ஆகிவிடும். டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த அந்த உயிரினத்தின் எச்சங்கள் இந்த மண்ணில் கிடைக்கின்றன. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து களிமண்ணில் நத்தை ஓட்டை அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். கல்லில் எப்படி உருவம் பதிந்தது என்று நான்கு வயதுக்கே புரிந்துவிடும். பெரம்பலூர்க்காரர்களுக்குச் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. மரப்பட்டையை அழுத்திப் பதியுங்கள்.

மழைக்காலத்தில் களிமண் வேண்டாம் என்றால் கொழுக்கட்டை மாவு இருக்கிறது. பிடிக் கொழுக்கட்டையில் விரல் பதியுமே, அந்தப் பதிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும். எந்த விரல் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது, எது பதியவே இல்லை என்று நீங்களும் பார்க்கலாம். கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டக் கூப்பிடுங்கள். அளவு ஒன்றுபோல் வராது, வராவிட்டால் என்ன?

சோளத்தட்டை அறுப்பு முடிந்ததும் எல்லா ஊரிலும் கிடக்கும். தட்டையின் மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கையைத் துண்டு போட்டு, ஈர்க்குச்சியைச் செருகி மாட்டுவண்டி செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டு வாத்தியாரைப்போல நடந்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பீர்கள். தோலை உரிக்கும் வேலை பெரியவர்களுடையது, அது பிளேடுபோல வெட்டும். தக்கையில் குச்சியைச் செருகும் வேலை பிள்ளையுடையது. தக்கை மெத்தென்று இருப்பதால் நான்கு வயது விரலுக்கும் அது இடம் கொடுக்கும்.

ஜெயங்கொண்டம் பக்கம் கைத்தறிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ஊடும் பாவும் புதிதல்ல. பழைய செய்தித்தாளையோ பனை ஓலையையோ கீற்றுகளாக்கி, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பின்னச் சொல்லலாம். ஐந்து வயதுக்கு மேல் இது நன்றாக வரும். அதற்கு முந்தைய வயதில் செய்தித்தாளைக் கிழிப்பதே பெரிய வேலை. கோடு மாதிரி நீளமாகக் கிழி, பொட்டு மாதிரி சின்னதாகக் கிழி என்று சொல்லி, மைதா பசை காய்ச்சிக் கொடுத்தால் ஒரு மதியம் போய்விடும். கத்தரிக்கோல் நான்கு வயதுவாக்கில், முனை மழுங்கியதாக, உட்கார்ந்து பயன்படுத்தும்படி கொடுக்கலாம். முதலில் ஓரத்தை மட்டும் 'சக் சக்'கென்று வெட்டட்டும். கோட்டின் மேல் வெட்டுவது பிறகு.

கடைசியாகக் கோலம். அரிசி மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கோடாக விடுவது, நுண்தசைத் திறனுக்கு நம் வாசலிலேயே இருக்கும் உச்சகட்டப் பயிற்சி. ஐந்து வயதில் மூன்று புள்ளி வைத்தால் போதும். "ஆம்பளப் புள்ள கோலம் போடுறதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். பென்சில் ஆம்பளைப் பிள்ளையும் பிடிக்க வேண்டும்தானே?

'கைவேலை'ன்னா குலத்தொழிலா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். "நாங்க மண்ணுலயும் தட்டையிலயும் கெடந்தது போதும். புள்ளைக்காவது பேனா பிடிக்கிற பொழப்பு வரட்டும்னுதான் ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறோம்." இப்படிச் சொல்லும் அப்பா, அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பள்ளி நேரம் மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டு, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றானது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரான 1954இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கைவேலை என்ற பெயரில் சாதித் தொழிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்களோ என்ற எச்சரிக்கை தமிழ்நாட்டுக்கு அன்றிலிருந்து இருக்கிறது. இருக்கவும் வேண்டும்.

ஆனால் நான் சொல்வது தொழில் பழக்கம் அல்ல. வித்தியாசம் எளிமையானது. தொழிலில் பொருள் முக்கியம், எத்தனை உருப்படி, எவ்வளவு நேர்த்தி என்று பார்ப்போம். நான்கு வயதுக் கைவேலையில் பொருள் முக்கியமே அல்ல, முடிந்ததும் உடைத்துப் பிசைந்து மறுபடி செய்யலாம். பருத்திக் காட்டில் கூலிக்குப் பஞ்சு எடுக்கப் பிள்ளையை அனுப்புவது குழந்தைத் தொழில், அது குற்றம். அப்பாயி மடியில் உட்கார்ந்து நாலு கொட்டை பிரிப்பது விளையாட்டு. எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தப் பொருளையும் தொடலாம் என்பதுதான் இங்கே விதி. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் களிமண், டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஓலை.

டாக்டர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அறுவை சிகிச்சைக் கல்விப் பேராசிரியராக இருந்த ரோஜர் நீபோன், மாணவர்களுக்கு மதிப்பெண் நிறைய இருக்கிறது, ஆனால் தையல் போடும் அளவுக்குக் கைப்பக்குவம் குறைந்துகொண்டே வருகிறது என்று 2018இல் வெளிப்படையாகக் கவலைப்பட்டார். பேனா பிடிக்கிற பிழைப்புக்கு மட்டுமல்ல, கத்தி பிடிக்கிற டாக்டர் பிழைப்புக்கும் விரல் பழகியிருக்க வேண்டும்.

வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்டமே பெருமைப்பட்டது. அரும்பாவூருக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். உளி பிடித்த கை மட்டுமா வேலை செய்கிறது? மற்ற கை மரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும், கண் முன்கூட்டியே அடுத்த இடத்துக்குப் போய்விடும். பென்சில் பிடித்து எழுதும்போது இடது கை நோட்டைப் பிடிப்பதும் இதே ஒத்துழைப்புதான். பால்வாடிப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய் வெறுமனே வேடிக்கை பார்க்க வைக்கலாம். கையால் என்னவெல்லாம் முடியும் என்று பிள்ளை கண்ணால் பார்க்கட்டும்.

அங்கன்வாடியில் 'ஒண்ணுமே சொல்லித் தர்றதில்ல'

கிராமத்தில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. "பால்வாடில எழுதவே விடல. சும்மா பாட்டு, ஆட்டம். அதான் வேன் வர்ற ஸ்கூல்ல போட்டுட்டேன்."

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. அங்கே பின்பற்றும் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. அதாவது, அங்கன்வாடியில் எழுத வைக்காதது அலட்சியத்தால் அல்ல, அதுதான் அந்த வயதுக்குரிய பாடம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதும், 'ஸ்கூல் மாதிரி' வேண்டும் என்று பெற்றோர் கேட்டதன் அழுத்தத்தால்தான்.

நிறைந்த நோட்டைப் பார்த்தால் படிப்பு நடக்கிறது என்று நம்புகிறோம். பிள்ளை மதியம் முழுக்கக் களிமண் உருட்டினால், காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. நர்சரிப் பள்ளி நடத்துபவர்களுக்கும் இது தெரியும். "எழுத வைக்கலைன்னா பேரன்ட்ஸ் டி.சி. கேக்குறாங்க சார்" என்று அவர்கள் சொல்வதும் பொய்யல்ல. பெற்றோர் கேட்பதால் பள்ளி கொடுக்கிறது, பள்ளி கொடுப்பதால் அதுதான் சரி என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நடுவில் வலிப்பது பிள்ளையின் கை.

"இப்போ எழுதலைன்னா ஒண்ணாப்புல பின்தங்கிடுவானே?" என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 2022இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது அது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கானதாக இருந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளைக்கு வாசிப்பும் எழுத்தும் அடிப்படைக் கணக்கும் வர வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. எட்டு வயது வரை நேரம் இருக்கிறது. நான்கு வயதில் என்ன அவசரம்?

என் குற்றச்சாட்டு அங்கன்வாடிகள்மேலும் ஒன்று உண்டு. பாட்டும் கதையும் நடக்கும் அளவுக்குக் கைவேலை நடப்பதில்லை. ஒரே பணியாளர் பதிவேடு, எடை பார்ப்பது, சத்துமாவு விநியோகம் எல்லாம் பார்த்துக்கொண்டு இருபது பிள்ளைக்குக் களிமண் பிசைந்து கொடுக்க முடியாது என்பது நிஜம். ஆனால் ஊரில் பாட்டிகளும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் வந்து ஓலைக் காற்றாடியோ திரியோ சொல்லிக்கொடுத்தால் பணியாளருக்கும் பாரம் குறையும்.

செல்போனும் சோற்றுத் தட்டும்

செல்போனைத் தள்ளுகிற விரலுக்கு எதிர்ப்பே இல்லை. கண்ணாடி வழுக்கும். களிமண் எதிர்த்து நிற்கும், அதனால்தான் தசைக்கு வலு வருகிறது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

அதைவிட நம் வீட்டில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சோற்றைப் பிசைந்து, விரல் நுனியில் சேர்த்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது ஒரு நாளைக்கு மூன்று வேளை நடக்கும் விரல் பயிற்சி. சிந்துகிறான் என்று ஸ்பூனைக் கொடுக்கிறோம், நேரமாகிறது என்று செல்போனைக் காட்டி ஊட்டுகிறோம். இரண்டு வயதிலிருந்து சிந்த விடுங்கள். கீழே ஒரு பழைய பேப்பர் விரித்தால் போயிற்று.

எதில் கவனம் வேண்டும்?

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மணி, புளியங்கொட்டை, நிலக்கடலை, சோள மணி போன்ற சிறு பொருட்களைத் தரவே கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்ட வயதிலும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குண்டுமணியை எந்த வயதிலும் தராதீர்கள். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் அந்த அழகான சிவப்பு விதைக்குள் கொடிய விஷம் இருக்கிறது. கண்ணுக்கு மிளகு வைத்தால் போதும், அதுவும் பெரியவர் கையால். முந்திரிக்காடு இருக்கும் ஊர்களில் பச்சை முந்திரிக்கொட்டையை விளையாடக் கொடுக்கக் கூடாது, அதன் ஓட்டுப்பால் தோலைப் புண்ணாக்கும். மருந்து அடித்த வயலின் பஞ்சையும் ஓலையையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பிள்ளை பீச்சாங்கையால் வேலை செய்தால் அதை மாற்றாதீர்கள். எந்தக் கை என்பது அதன் மூளை முடிவு செய்த விஷயம். சோத்தாங்கையில் திணித்தால் இரண்டு வேலை கெடும்.

நான்கரை, ஐந்து வயதாகியும் பென்சிலை முஷ்டியால்தான் பிடிக்கிறது, பட்டனைக் கழற்ற முடியவில்லை, ஒரு கையை மட்டும் ஒதுக்கியே வைத்திருக்கிறது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னால், மாவட்ட அளவில் இயங்கும் குழந்தைகளுக்கான ஆரம்பக்கட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். சேவை இலவசம். சீக்கிரம் போனால் பலன் அதிகம்.

யார் என்ன செய்யலாம்?

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எல்.கே.ஜி. முடியும்வரை வீட்டுப் பாடமாக எழுத்து வேலை தராதீர்கள். கிராஃப்ட் ஒர்க்கை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வகுப்பிலேயே பிள்ளைகள் கையால் நடக்கட்டும். சுவரில் ஒட்டும்போது அம்மா செய்த அழகான வீட்டை விட்டுவிட்டு, பிள்ளை செய்த கோணல் சட்டியை ஒட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் நோட்டைக் காட்டுவதற்குப் பதில், ஜூனில் இந்தப் பிள்ளை எப்படிக் கிழித்தது, டிசம்பரில் எப்படிக் கிழிக்கிறது என்று இரண்டு காகிதத்தைக் காட்டுங்கள். வித்தியாசம் எந்தப் பெற்றோருக்கும் புரியும்.

பெற்றோருக்கு நான் கேட்பது இன்னும் சின்னது. பிள்ளை செய்துகொண்டிருக்கும்போது கையை நீட்டிச் சரிசெய்யாதீர்கள். பிள்ளையார் தும்பிக்கை இல்லாமல் பிறக்கட்டும், வண்டிச் சக்கரம் சதுரமாக இருக்கட்டும். "குடு, நான் செஞ்சு தர்றேன்" என்ற வாக்கியத்தை ஒரு மாதத்துக்கு நிறுத்திப் பாருங்கள்.

முதலில் சொன்ன அந்த வீட்டு அம்மாவிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். "சரிதான், ஆனா மிஸ் கேட்டா என்ன சொல்றது?" என்றார். நோட்டின் அந்தப் பக்கத்தில், 'பாதி எழுதினான், கை வலித்தது, மீதி நேரம் களிமண் உருட்டினான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேன். சிரித்தார். இன்னும் நாலு அம்மாக்கள் சேர்ந்து அப்படி எழுதி அனுப்பினால், அந்த மிஸ்ஸே சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன். நாற்பது பிள்ளையின் நோட்டைத் திருத்தி அவருக்கும் கை வலிக்கத்தானே செய்யும்?